அப்பாவின் முழுக்கைச் சட்டை

இரும்பு கடையும் லேத் மெஷினில் நிற்பவன் முழுக்கைச் சட்டை போடக் கூடாது. துணி மாட்டினால் கையையே இழுத்துவிடும். இது பட்டறையின் முதல் பாடம். கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் இருந்த தன் பட்டறைக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் அப்பாதான் இதைச் சொல்லித் தருவார். சொல்லும்போது அவர் சட்டை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருக்கும்.

அவருடைய இரண்டு முழங்கையிலும் வெள்ளைச் செதில் செதிலாகத் தடிப்பு உண்டு. "ஆயில் அலர்ஜி" என்பார். பம்பு ஷாஃப்ட் கடையும்போது சூடு தணிக்கப் பாயும் கூலண்ட் ஆயில் பட்டுக் கை அரிப்பது கோயமுத்தூர்ப் பட்டறைகளில் சாதாரணம் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆயில் படுவது விரல்களில்; அது முழங்கையின் பின்பக்கம் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று நானும் கேட்கவில்லை. பி.எஸ்சி. படித்தவள் என்று பேர்தான்.

எனக்கு வந்தது பிளஸ் டூ படிக்கும்போது. தொண்டை வலியோடு ஒரு காய்ச்சல் வந்து போனது. அடுத்த சில வாரங்களில் முழங்கை, முழங்கால், தலை என்று எங்கும் சிவந்த திட்டுகள். நீல யூனிஃபார்ம் தோளில் செதில் உதிர்ந்து கிடக்கும். பின் பெஞ்சுக்காரிகள் நாசூக்காகத் தள்ளி உட்காருவார்கள். டாக்டர் சொரியாசிஸ் என்றார். அலர்ஜிக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது அம்மா ஊட்டுச் சீக்கு. இவ மாமனுக்கு ஒதட்டுல வெள்ளை இருக்குதல்லொ?"

மாமா என் அம்மாவின் அண்ணன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவருக்கு உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி. அது அரிக்காது, உரியாது, தடிக்காது. என்னுடையது இந்த மூன்றையும் செய்யும். ஆனால் தோலில் என்னவோ இருக்கிறது என்றால் எங்கள் சொந்தத்தில் எல்லாம் ஒரே கணக்கு.

அம்மா அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து வைத்துத் தைலமாக்கி எனக்குத் தேய்த்துவிட்டாள். நாட்டு வைத்தியர் எனக்கு நிறுத்தச் சொன்ன கத்திரிக்காயையும் கருவாட்டையும் அவளும் சேர்ந்து நிறுத்தினாள், ஏதோ தண்டனையை அனுபவிக்கிறவள் மாதிரி. யாராவது என் கையைப் பார்த்து "இது..." என்று இழுத்தால், கேள்வி முடியும் முன்பே "எங்க பக்கமுங்க" என்று சொல்லிவிடுவாள். பத்து வருடம் சொன்னாள்.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. ஜவுளி வியாபாரக் குடும்பம். அத்தை வந்து ஏற்பாடுகளைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு முழுக்கை ஜாக்கெட். அப்புறம், மாமா வரக் கூடாது.

பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினால் தாய்மாமன் முன்னால் உட்கார வேண்டும். அவரை வைத்துத்தான் பேச்சே தொடங்கும். அது தெரியாதவரா அத்தை? "சத்தியமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாருன்னு சொல்லிப்போடலாம். அவரு ஒதட்டப் பாத்தா விசாரிக்காம இருப்பாங்களா?" என்றார்.

அம்மாவே மாமாவுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றாள். "செரி அம்மணி, புள்ளைக்கு நல்லது நடந்தாப் போதும்" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த முழுக்கை ஜாக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

அந்த வாரம் நான் வழக்கமாகப் போகும் தோல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அப்பாதான் வண்டியில் கூட்டிப் போவார், வெளியே நின்றுகொள்வார். அவர் முழங்கை மேல் எனக்குச் சந்தேகம் வந்திருந்ததால் அன்று விடாப்பிடியாக உள்ளே இழுத்துப் போனேன். மேசை மேல் இருந்த அப்பாவின் விரல் நகங்களை டாக்டர் பார்த்தார். என் நகங்களைப் போலவே, ஊசியால் குத்திய மாதிரி குழி குழியாக இருந்தன.

"சட்டையைக் கொஞ்சம் மடக்குங்க."

"ஆயில் அலர்ஜிங்க."

"எத்தனை வருஷமா?"

அப்பா யோசித்தார். "பட்டறை வேலைக்கே போறதுக்கு முன்னாடி இருந்துங்க" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதுவும் சொரியாசிஸ்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிட, தோல் அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது. அதற்கான நாட்டம் மரபணுவில் வரும். ஒரே ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து. இருந்தும் பலருக்கு நோய் வராமலே போகலாம். எனக்குத் தொண்டைக் காய்ச்சல் அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம். மாமாவின் வெண்புள்ளி வேறு நோய். அம்மா பக்கத்திலிருந்தும் ஏதாவது கொஞ்சம் வந்திருக்கக்கூடும், எந்தக் குடும்பத்தையும் சுத்தமென்று ஒதுக்க முடியாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியில் சிக்னலில் அப்பா கேட்டார். "ஊட்டுல சொல்லோணுமா அம்மணி?"

"சொல்லோணுங்கப்பா."

அவர் சொல்லவில்லை. நான்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்தாள். "இருக்கட்டும் கண்ணு. இத்தன வருசம் சொல்லியாச்சு. இப்ப மாத்துனா உங்கப்பாவுக்குத்தான் தலகுனிவு" என்றாள். அம்மாவுக்கு ஒரு தலை இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை நான் அரைக்கை ஜாக்கெட்டோடு காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தையின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா என் முழங்கையைப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

"சொரியாசிஸுங்க. ஒட்டாதுங்க. வரும், கொறையும், மறுபடி வரும். மருந்து சாப்புடறேனுங்க."

"பொறக்கற கொழந்தைக்கு வருமா?"

"வரலாமுங்க. வராமயும் போலாமுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார். "யாரு பக்கத்துல இருந்துங்க இது?"

"எங்க பக்கமுங்க" என்றாள் அம்மா. பழக்கம். எல்லாம் தெரிந்த பிறகும்.

"இல்லீங்க" என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா தன் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"தம்பி..." என்றார் அத்தை.

அப்பா நிறுத்தவில்லை. முழங்கைக்கு மேல் வரை சுருட்டிவிட்டுக் கையைத் திருப்பிக் காட்டினார். "எம்பக்கமுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இருக்குது. நாந்தான் ஆயில் மேல பழியப் போட்டுப்போட்டேன். பாக்கிப் பழிய இவ அம்மா எடுத்துக்கிட்டா."

அவர்கள் மரியாதையாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஜாதகம் சரிப்படவில்லை என்று செய்தி வந்தது. வருத்தம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒளித்து வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு, ஆயுசு முழுக்க முழுக்கையில் வேக நான் தயாராக இல்லை.

அத்தை மத்தியானமே வந்துவிட்டார். "நல்ல எடம். வாயக் கொடுத்துக் கெடுத்துப் போட்டீங்க" என்றார். அப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்தவர் அரைக்கைச் சட்டையில் இருந்தார்.

அம்மா போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். அத்தைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, நன்றாகக் கேட்கும்படி பேசினாள்.

"அண்ணா, அன்னிக்கு உங்கள வர வேண்டாம்னு சொன்னது என்ற தப்புங்க. இனி இவளப் பாக்க யாரு வந்தாலும் நீங்க வந்து முன்னால உக்காரோணும். நீங்க வராம இந்த ஊட்டுல பேச்சே தொடங்காதுங்க."