ஞானத்தகப்பன் போட்ட குளியல்

நண்பர்களே, இன்று பார்த்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காலையில் எங்கள் றப்பர் தோட்டத்துக் கோயிலில், பால் வெட்டும் மரியாளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நின்றவர் பெரிய கங்காணி. குழந்தையைக் கையில் ஏந்தி, “இது இனி என் பிள்ளை” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது.

பூசை முடிந்து, எல்லாரும் குளிக்கும் பீலிப் பக்கம் போனேன். கொட்டும் தண்ணீருக்குக் கீழே, கட்டிய வேட்டியோடு கங்காணி நிற்கிறார்.

“என்னங்க, குளிக்காமலா கோயிலுக்கு வந்தீங்க?”

“குளிச்சுட்டுத்தான் வந்தேன் பெரியவரே. அந்தப் புள்ளையத் தூக்குனேன்ல? அவுங்க என்ன சாதின்னு உங்களுக்குத் தெரியாதா? முழுகாம போனா வீட்டுல சேர்க்க மாட்டாங்க.”

“இப்பத்தானே உங்க புள்ளைன்னீங்க?”

“அது சாமி முன்னால சொன்னது.”



அவருக்கென்று சர்க்கரைச் சோறு கொண்டு வந்த மரியாள் என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முகம் செத்துப் போயிற்று. ஆனாலும் சொன்னாள்:

“நல்லாத் தேய்ச்சுக் குளிங்க கங்காணியாரே. எம் புள்ள உங்க மடியில மூத்திரமும் பேஞ்சிருக்கான்.”

தட்டை என்னிடம் நீட்டினாள். அவர் பார்க்கப் பார்க்க, அங்கேயே உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டேன்.

இப்போது அவள் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஞானத்தகப்பனை மாற்ற முடியுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். இந்த வயதில் எழுத்துக் கூட்டப் படித்ததே, யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லாமல் இப்படி வரும் பதில்களை நானே வாசிக்கத்தான்.