தபாலாபீஸ்காரரின் மடி

தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் ஆள் படுக்கையோடு சரி என்றுதான் அப்போது திருவனந்தபுரத்தில் பேச்சு. எங்கள் பெரிய டாக்டர் அதை ஒப்புக்கொள்ளாதவர். முறிந்த இடத்தில் எஃகு ஆணி இறக்கி, ஆளை நடக்க விட்டு, மாதாமாதம் எக்ஸ்ரே எடுத்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். புகழெல்லாம் அவருக்கு, நோயாளிகளை வரவழைத்து, படம் எடுத்து, அட்டையில் எழுதும் நாய்ப்பாடு எனக்கு. படிப்பு முடித்த முதல் வருஷம் வேறு, மெஸ் சாப்பாடு வேறு. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் நிற்கும்.

ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு தபாலாபீஸ் குமாஸ்தா வருவார். குளப்படியில் வழுக்கி விழுந்து ஆணி வாங்கியவர். ஐந்தாவது மாதம் கைத்தடியோடு வந்து என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். நடக்கிறீரா, படி ஏறுகிறீரா, நாற்காலியில் உட்காருகிறீரா? எல்லாவற்றுக்கும் "உண்டே" என்றார். பிறகு தயங்கி நின்றார்.

"டாக்டர், அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாலி கட்டறச்சே அவ என் மடியில உக்காரணும். எலும்பு தாங்குமோ?"

"வேற யாரு மடியிலயாவது உக்காரக் கூடாதா சார்?"

"என் தம்பி மடியில உக்காத்தலாம்னு எல்லாரும் சொல்றா. தாயில்லாக் கொழந்தை, நான் வளர்த்தேன். நான் உசிரோட இருக்கறச்சே, ஓரமா ஸ்டூல்ல உக்காந்து பாத்துண்டிருக்கணுமோ?"

அவர் கண் கலங்கியது.

நேரே அவரைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "மடியோ! என்டெ ஆணியிலோ!" என்று அவர் மலையாளத்தில் குதித்தார். எலும்பு கூடியிருந்தது, வாஸ்தவம். ஆனால் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் தலை நசுங்கிவிடுமோ என்ற பயம் அவரை விட்டதே இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த பிள்ளைய மடியில வைக்க முடியாத காலை வச்சுக்கிட்டு அவரு என்ன செய்யதுக்கு ஸார்?"

இன்றைக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரோ என்னை மேலும் கீழும் அளந்துவிட்டு, "பெண்ணு தடியோ, மெலிவோ?" என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

"இந்த டாக்டர் அளவுதான் இருப்பா."

என் மானம் கப்பலேறியது.

"அப்போ எடோ, நீ இரி!" என்று பெரிய டாக்டர் எனக்குக் குமாஸ்தாவின் மடியைக் காட்டினார்.

கல்யாணத்தில் தகப்பனார் நெல் மூட்டைமேல் உட்காருவாராம். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு ஓர் அரிசி மூட்டை வந்தது. அதன்மேல் குமாஸ்தா உட்கார்ந்தார். அவர் மடியில், வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக, நான். நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

"வலிக்குதா சார்?"

"இல்லை. டாக்டரோட எலும்புதான் குத்தறது."

கால்மணி நேரம் அப்படியே இருந்தோம். முன்னும் பின்னும் எடுத்த படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் ஆணி இம்மியும் நகரவில்லை. பெரிய டாக்டர் அட்டையை வாங்கி, 'மடி: கொள்ளாம்' என்று தன் கையாலேயே எழுதினார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

முகூர்த்தத்துக்கு என்னையும் அனுப்பினார், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள. நான் வெட்கமில்லாமல் மூட்டைக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பெண் வந்து அப்பா மடியில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் வலி தெரியவில்லை, ஆனாலும் அது வாடிப்போயிற்று. என்னடா இது என்று குனிந்து பார்த்தேன். கூறைப்புடவைக்குக் கீழே இரண்டு பாதங்களும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன, முழங்கால் நடுங்கியது. பாவிப் பெண், உட்காரவே இல்லை! அப்பா மேல் பாரம் விழாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நன்னா உக்காருடி" என்றார் மெதுவாக.

"வேண்டாம்ப்பா. வலிக்கும்."

"டாக்டரையே தாங்கியிருக்கேன். உக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கெட்டிமேளம் கொட்டிற்று. அவள் கால்களைத் தளர்த்தி, மெல்ல மெல்ல, முழுசாக உட்கார்ந்தாள்.

அவர் இரண்டு கையாலும் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "அம்மாடி, என்ன கனம்டி நீ!" என்று சொல்லிச் சிரித்தார். அத்தனை பேர் முன்னால் கண்ணீர் கொட்டியது, அதை அவர் துடைக்கவே இல்லை.