அண்ணாந்து பார்க்கும் வேட்பாளர்

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில் மதுஷாவைப் பற்றி விசாரித்தால், யாரும் அவளுடைய படிப்பை முதலில் சொல்ல மாட்டார்கள். "எந்த மரத்தடிக்குப் போனாலும் அண்ணாந்து பாக்கும் அந்தப் புள்ள" என்பார்கள். நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிடுவாள். பேச்சு பாதியில் அறுந்துபோகும், கண் கிளைக்குத் தாவிவிடும். கூட வந்தவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஆளைக் காணாமல் திரும்பிப் பார்ப்பார்.

பள்ளியில் படிக்கும் வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஒருநாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மா மாரியாயியைக் குளவி கொட்டிவிட்டது. தோட்டத்தில் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் குளவி என்றுதான் பெயர். உண்மையில் அது உயரமான மரங்களில் பெரிய அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகம் வீங்கிக் கிடந்த மாரியாயியைச் சுற்றி நின்று எல்லோரும் அழுதார்கள். மதுஷாவும் அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"சித்தியும் ஒன் பக்கத்துலதான நின்னுச்சு? அத ரெண்டு எடத்துலதான் கொட்டியிருக்கு. ஒன்ன மட்டும் ஏம்மா இப்புடிக் கொட்டுச்சு?"

"போயி அதுககிட்டயே கேளு" என்றாள் மாரியாயி, வீங்கிய உதட்டால்.

மகள் கேட்கத்தான் போனாள். பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றியே படித்தாள், கலாநிதிப் பட்டம் வரைக்கும் விடவில்லை. பதிலும் கிடைத்தது. கொட்டிய தேனீ ஒரு வாடையை விட்டுப்போகும், அந்த வாடை மற்றவற்றை அதே இடத்துக்குக் கூப்பிடும். சித்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். மாரியாயியோ நின்று கையால் அடித்து நசுக்கியிருக்கிறாள், நசுக்க நசுக்க வாடை கூடியிருக்கிறது. இதை அம்மாவிடம் விளக்கியபோது, "இதுக்கா இத்தன வருஷம் படிச்ச?" என்று அவள் கேட்டாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அவள் பெயருக்கு முன்னால் டொக்டர் வந்ததைக் கண்டு, முழங்கால் வலியையும் மூச்சிரைப்பையும் காட்ட வந்தார்கள்.

படித்து முடித்து ஆராய்ச்சி வேலையில் இருந்த காலத்திலும் தோட்டங்களில் ஆட்கள் கொட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதற்கு முன் ஒருவர் போய் மரங்களைப் பார்த்து வந்தால் போதும், பாதி ஆபத்து குறையும் என்று அவள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய்ச் சொன்னாள். அது பிரதேச சபையின் வேலை என்றார் துரை. சபையில் கேட்டால், தோட்டத்துக்குள் நடப்பது தோட்டத்தின் பொறுப்பு என்றார்கள். அப்படியானால் யார் சொன்னால்தான் நடக்கும்? தேனீயைவிட இது அவளுக்குச் சிக்கலான ஆராய்ச்சியாகத் தோன்றியது. சபைத் தேர்தலுக்குப் பெண் வேட்பாளர் தேடி ஒரு கட்சி வாசலுக்கு வந்தபோது, உள்ளே போய்த்தான் பார்ப்போமே என்று சம்மதித்துவிட்டாள்.

அவள் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். கூடுகளைக் கண்டுபிடித்து அகற்ற, பயிற்சி பெற்ற ஆட்கள் சபையில் இருக்க வேண்டும். ரோட்டையும் கூரைத் தகரத்தையும் பற்றிக் கேட்டவர்களிடம், "எனக்குத் தெரியாது, விசாரிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். கட்சியின் அமைப்பாளர் சின்னராசா தலையில் அடித்துக்கொண்டார்.

"மிஸ், மேடையில நின்னுக்கிட்டு தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

"தெரியாதத வேற எப்புடிங்க சொல்றது?"

சின்னராசாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று அவர் சொல்லவுமில்லை.

வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் கட்சித் தலைவர் தோட்டத்துக்கு வருவதாக ஏற்பாடானது. கூட்டம் கோயில் அரசமரத்தடியில். அந்த மரத்தின் உச்சியில் பெரிய அடை ஒன்று தேனீயோடு தொங்குவதை மதுஷா முந்திய மாதமே பார்த்திருந்தாள். பட்டாசு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கறாராகச் சொன்னாள்.

"எழவு வீட்டுல கூட வெடி உண்டு மிஸ்" என்று முனகிய சின்னராசா, பிறகு சரிங்க என்று தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நேரே கடைக்குப் போய் ஒரு பெரிய சரவெடி வாங்கினார்.

அன்றைக்குப் பனி மூட்டம் மலையை விட்டு இறங்கி வந்து கோயிலை மூடியிருந்தது. தலைவரின் வண்டி வளைவில் திரும்பியதும், ரோட்டில் நீளமாகக் கிடந்த சிவப்புச் சரத்தை மதுஷா பார்த்தாள். சின்னராசா குனிந்து திரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஓடிவந்து கத்தினாள், தப்பு மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் மாரியாயி ஆரத்தித் தட்டோடு நின்றாள். மதுஷா தட்டை அப்படியே பிடுங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைத் திரியின் மேல் ஊற்றினாள். திரி சீறி அணைந்தது, தப்பும் நின்றது.

"என்னம்மா இது?" என்றார் வண்டியை விட்டு இறங்கிய தலைவர்.

"மேல பெரிய கூடு இருக்குங்க ஐயா. வெடிச்சா எழும்பிரும்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"எங்க இருக்கு?"

அவளால் காட்ட முடியவில்லை. தலைவர் உதட்டளவில் சிரித்தார். கூட்டத்தில் பேசாமலே வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஆரத்தியைக் கொட்டி அணைத்தது அபசகுனம் என்ற பேச்சு, மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு பனி விலகிய முதல் காலையில் மதுஷா தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அடை தொங்கியது, ஒரு தேனீகூட இல்லை. மெழுகு கறுத்துப்போயிருந்தது, அந்துப்பூச்சிப் புழு அடை முழுக்க நூலாம்படை பின்னியிருந்தது. தேனீக் கூட்டம் இடம்பெயர்ந்து வாரக்கணக்காகியிருந்தால்தான் அடை அந்தக் கதிக்கு வரும். அப்படியென்றால் அவள் தண்ணீர் ஊற்றிய அன்றும் மேலே ஒன்றுமில்லை. தேர்தல் வந்ததிலிருந்து வாசலுக்கு வாசல் கும்பிடு போட்டு, குனிந்த தலை குனிந்தபடியே இருந்துவிட்டது. அண்ணாந்து பார்ப்பதற்கே பேர்போனவள் மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"வாய மூடிக்கிட்டு இரு. ஓட்டுப் போட்டு முடியட்டும், அப்புறம் சொல்லிக்க" என்றாள் மாரியாயி.

மதுஷாவுக்கும் அந்த ஆசை இருந்தது. சபைக்குப் போகாவிட்டால் கூடு பார்க்கும் ஆளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். ஆனால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துக்கொள்ள அவளுக்கு வராது. கடைசிக் கூட்டத்தில் லயத்து முற்றத்தில் நின்று சொல்லிவிட்டாள்.

"கூடு காலிங்க. நான் தண்ணி ஊத்துன அன்னிக்கும் காலியாத்தான் இருந்திருக்கும். பாத்துட்டுச் சொல்லியிருக்கணும், பாக்காம விட்டது என் தப்பு."

சின்னராசா எழுந்து வெளியே போய்விட்டார். கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி, யாருக்கும் பயப்படாத வாய்க்காரி, முன்னால் வந்தாள்.

"அன்னிக்கி அது காலின்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"இன்னிக்கி நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அதுவும் தெரியாதுக்கா."

விஜயலெட்சுமி உதட்டைப் பிதுக்கினாள். "சரி, வாங்கடி" என்று மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் முடிந்தது என்று மதுஷா நினைத்தாள்.

முடியவில்லை. சொற்ப வாக்குகளில் அவள் வென்றுவிட்டாள். சந்தோஷத்தைவிட ஏன் என்ற கேள்விதான் அவளைப் பிடுங்கித் தின்றது. கோயிலடியில் தப்படித்துக் கொண்டாடியபோது, வாழ்த்துச் சொல்ல வந்த விஜயலெட்சுமியிடமே கேட்டுவிட்டாள்.

"இல்லாத குளவிக்கே தலைவர் வண்டிக்கு முன்னாடி போயி நின்ன. இருக்கிற குளவிக்கு என்னதான் செய்வன்னு பாப்போமேன்னுதான் போட்டோம்" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னராசா, வெயிலில் காயவைத்த அதே சரவெடியைச் சுமந்துகொண்டு அங்கே வந்து சேர்ந்தார்.

"இப்பவாவது வெடிக்கலாங்களா மிஸ்? கூடுதான் காலியாச்சே."

"தெரியாதுங்க. இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் அண்ணாந்தாள். அவளைப் பார்த்து விஜயலெட்சுமி அண்ணாந்தாள், மாரியாயி அண்ணாந்தாள், தப்புக்காரர்களும் அண்ணாந்தார்கள். கடைசியில், சரவெடியைக் கீழே வைத்துவிட்டு, சின்னராசாவும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாகப் பார்க்க ஆரம்பித்தார்.