பதினோராயிரம் படங்களில் இல்லாத முகம்

போனில் இடம் இல்லை என்று ஒரே நச்சரிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இருக்கும் பதினோராயிரம் படங்களையும் பிரிக்க ஆரம்பித்தேன்.

முகத்தைப் பார்த்து போனே தொகுத்துக் கொடுக்கிறது. மகனுக்கு ஒரு தொகுப்பு, வீட்டுக்காரருக்கு ஒன்று. எதிர்வீட்டுப் பூனைக்குக்கூட நாற்பது படம்.

பட்டாசு கம்பெனியில் பத்து வருடமாக எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கும் பாண்டியம்மா அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை.

எப்படி இருக்கும்? காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதுமே. சாயங்காலம்தான் கைக்கு வரும்; அதற்குப் பிறகு படம் எடுக்கத் தோன்றியதே இல்லை.

மூட்டு வலியால் அக்கா இன்றோடு வேலையிலிருந்து நின்றுவிட்டார். திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏத்தா, அம்புட்டுப் படத்துலயும் நான் இல்லையா?"

"ஒண்ணுலகூட இல்லக்கா."

"அப்ப இப்ப எடு. இரு, மூஞ்சியத் தொடச்சுக்கிறேன்."

அக்காவின் காதோரம், பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி மினுங்கியது. தினமும் முகம் கழுவித்தான் கிளம்புவார். அந்த இடம் மட்டும் தப்பிவிடும்.

"தொடைக்காதீகக்கா. எனக்குத் தெரிஞ்ச முகம் இதுதான்."

எடுத்தேன். பஸ் குலுங்கியதில் படம் கொஞ்சம் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் போன் கேட்கிறது: தெளிவில்லாத படம் ஒன்று இருக்கிறது, நீக்கிவிடலாமா?

பூனையில் முப்பத்தொன்பதை நீக்கினேன்.

உங்கள் போனில் எத்தனை பூனை?