நாற்பது நிமிஷம் ஆகும்

“எந்த எடம்?”

ரிசீவரைக் காதில் வைத்ததும் தங்கையா கேட்கிற முதல் கேள்வி இதுதான். வணக்கம் கிடையாது, யார் பேசுவது என்ற விசாரணையும் கிடையாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி யாராவது, “ஐயா, சௌக்கியமா இருக்கீங்களா?” என்று ஆரம்பித்துவிட்டால் போதும், மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். “சௌக்கியந்தான்லா. எடத்தச் சொல்லுங்க மொதல்ல. பாதியில கம்பிய அறுத்துட்டான்னா, ஒங்க சௌக்கியத்த வச்சுக்கிட்டு நான் எங்க வண்டி அனுப்புறது?” என்பார். காட்டுக்காரர்கள், அதாவது காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்ட்டுகள், தோட்டத்துக்குள் புகுந்தால் தொலைபேசிக் கம்பியைத்தான் முதலில் அறுக்கிறார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய இந்த நாலு வருஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோன சங்கதி அது.

மலாக்காப் பக்கம், ரெம்பியாவுக்கு அப்பால் ஒரு சின்னப் போலீஸ் நிலையம். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் அழைப்புகளைப் பகலில் எடுப்பவர் தங்கையா. வயது நாற்பத்தாறு. முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சும்மா இருக்கிற காதைக் குடைந்துகொண்டு, காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் திறந்து போட்டுக்கொண்டு, முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி நாற்காலி நுனியில்தான் உட்காருவார். சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு கிறுக்கு உண்டு. ஓய்வு நாளில் மற்றவர்கள் மலாக்காவுக்குப் படம் பார்க்கப் போவார்கள். இவர் அரிசி லாரியிலோ சைக்கிளிலோ ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். காய்ந்த செம்மண் பாதையில் எத்தனை நிமிஷம், மழை பெய்து சக்கரம் புதைந்தால் எத்தனை நிமிஷம், பாலத்தில் வண்டியை நிறுத்திச் சோதித்தால் எத்தனை நிமிஷம், அத்தனையும் மண்டைக்குள் இருக்கிறது. வீட்டிலும் இதே கதைதான். “கொழம்பு கொதிக்குதுன்னா, எத்தன நிமிஷங்கிறாரு. இந்த மனுசனோட குடும்பம் நடத்துறதுக்கு ஒரு மணிக்கூண்டக் கட்டியிருக்கலாம்” என்று அலுத்துக்கொள்வாள் மனைவி ராமாத்தாள்.

சார்ஜன்ட் கணேசமூர்த்திக்கு இந்த நிமிஷக் கணக்கு அறவே பிடிக்காது. “பயந்து போய்க் கூப்பிடுறான். உடனே வர்றோம்னு சொல்லித் தொலையேன்லா. சனத்துக்கு ஒரு தைரியம்.”

“உடனேன்னா எத்தன நிமிஷம் சார்?”

சார்ஜன்ட் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். தங்கையாவும் ஒரு காலத்தில் ‘உடனே’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருதமுத்து என்ற கங்காணி கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். அந்த வார்த்தையை நம்பி, காட்டுக்குள் ஓடி ஒளியாமல், மருதமுத்து வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிஷம். போனவர்கள் பிணத்தைத்தான் எடுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு தங்கையா அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, பத்து மணி இருக்கும். ஆற்றங்கரைத் தோட்டத்து ஆபீசிலிருந்து அழைப்பு. ஏனோ அன்று கம்பி அறுபடவில்லை. பேசியவள் ஆபீசுக்கு அடுத்தாற்போல் இருக்கும் பிள்ளைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சுசீலா. தாய் தகப்பன் எல்லாரும் பால் வெட்டுக்குப் போயிருக்க, பதினேழு பிள்ளைகள் அவள் பொறுப்பில். கிராணியும் வெட்டு நடக்கும் மலைக்காட்டில் இருந்ததால், அதுவரை தொட்டே பார்த்திராத தொலைபேசியை அவள்தான் சுற்றியிருக்கிறாள்.

“அண்ணே, ரப்பர் சீட்டு காயுற பொகைக்கூண்டுக்குத் தீ வச்சுட்டானுங்க. துப்பாக்கியோட அஞ்சாறு பேரு. ஆள அனுப்புங்கண்ணே!”

நிலையத்தில் ஒரு வண்டி அரிசி லாரிக்குக் காவலாகப் போயிருந்தது. மற்றதற்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் பாதை சேறு.

“நாப்பது நிமிஷம் ஆகும், தங்கச்சி.”

பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

“நாப்பதா?” சுசீலாவின் குரல் உடைந்துபோயிற்று. “பத்து நிமிசத்துல வந்துருவீங்கன்னா கொட்டாயப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருந்துருவேன்னு பாத்தேனே! தூளியில மூணு கைப்புள்ளைங்கண்ணே. எல்லாத்தயும் நான் எப்படித் தூக்குவேன்?”

“கொட்டா கூரை என்ன?”

“அத்தாப்பு ஓலை.”

“காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “எங்க பக்கந்தான்” என்றாள்.

“அப்ப இருக்காத. ரோட்டுப் பக்கம் போவாத. ஓடைக்கு எறங்கிரு. தூளிச் சேலையில கட்டித் தூக்கு. பெருசுங்க ஒன்னு கைய ஒன்னு புடிச்சுக்கட்டும். போ தாயி, போ!”

அவள் ரிசீவரை வைக்கத் தெரியாமல் மேசை மேலேயே போட்டுவிட்டு ஓடினாள். தங்கையா இந்தப் பக்கம் வைக்கவில்லை. முதலில் பிள்ளைகளின் அழுகை லேசாகக் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அப்புறம் மூங்கில் வெடிக்கிற சத்தம். அத்தாப்பு பிடித்துவிட்டது என்று புரிந்தது. போகச் சொன்னது அவர்தானே. வழியில் துப்பாக்கிக்காரர்கள் கண்ணில் பட்டிருந்தால்? நடுவில் எக்ஸ்சேஞ்சுக்காரி இரண்டு தடவை, “பேசி முடிஞ்சுதா?” என்று கேட்டாள். “முடியலம்மா” என்றார். அடுத்த மேசைத் தொலைபேசி அடித்ததும் சார்ஜன்டே எடுத்து, “எந்த எடம்?” என்று கேட்டார்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

நாற்பத்து மூன்றாவது நிமிஷம் மேசை மேல் கிடந்த ரிசீவரை யாரோ எடுத்தார்கள். சக்கரம் மாற்றிய வண்டியில் போன கார்ப்பரல் பிச்சைமுத்து. “அண்ணே, பாவிங்க ஓடிட்டானுங்க. கொட்டா சாம்பலாயிருச்சு.”

“பிள்ளைங்க?”

“ஓடையில நின்னுச்சுங்க, தூக்கிட்டு வந்துட்டோம். தொடையளவு தண்ணியில இந்தம்மா ரெண்ட ஒக்கல்லயும் ஒன்ன முதுகுலயும் வச்சுக்கிட்டு நின்னாங்க.”

“எண்ணுனியா?”

“ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். பதினேழு.”

“அந்தம்மாகிட்ட குடு.”

ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. ஈரச் சேலையோடு ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. “அண்ணே…” என்றாள்.

தங்கையா நாற்காலியை விட்டு எழுந்தார். திறந்து கிடந்த பொத்தான் இரண்டையும் ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.

“மூணு நிமிஷம் பெசகிட்டேன், தாயி,” என்றார். “மன்னிச்சிரு.”