வெயிலுக்குக் கேட் போட்ட எசக்கிமுத்து

சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை என்பது, சும்மா இருக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டி, சும்மா இருக்கிறீர்களா என்று கேட்டுத் திட்டு வாங்குகிற வேலை. ஊருக்கு நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் இருந்தேன். அந்த வருஷம் ஆனி பிறந்தும் சாரல் வரவில்லை. குற்றாலத்தில் அருவி விழுகிற பாறையில் துணி காயப்போட்டிருந்தார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், நோயாளிகள் என்று பதினோரு பேரைப் பட்டியல் எடுத்து, வெயில் தணியும்வரை தினமும் பார்த்து வரச் சொல்லி எனக்கு உத்தரவு.

உச்சிவேளைச் சுற்று

வெயில் ஜாஸ்தியாக இருக்கும்போதுதானே ஆபத்து ஜாஸ்தி? எனவே சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்யும். முதல் வீட்டில் ஒரு வாதநோய்க்காரர். உள்ளே இருட்டறையில் ஈரத்துண்டு போட்டுச் சுகமாகப் படுத்திருந்திருக்கிறார். அரசாங்கத்து ஆள் கூப்பிடுகிறாரே என்று, கொதிக்கிற முற்றத்தைச் சுவர் பிடித்துத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பகலில் வெளியே வரக்கூடாது என்று அறிவுரை சொன்னேன். பின்னாலேயே ஓடிவந்த அவர் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெயில்ல வராதீங்கன்னு சொல்லதுக்கா எங்க அப்பாவ வெயில்ல நடக்க வச்சீக?"

தகரத்துக்குக் கீழே

மறுநாளிலிருந்து காலையிலும் சாயங்காலமும் போனேன். பத்துப் பேர் வழிக்கு வந்தார்கள். பதினோராவது எசக்கிமுத்து அண்ணாச்சி. செங்கோட்டைப் பாதையில் ரயில்வே கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், ஒண்டிக்கட்டை. குற்றாலம் ரோட்டில் தகரக்கூரை போட்ட ஓர் அறையில் இருந்தார். உள்ளே கால் வைத்தால் அடுப்புக்குள் வைத்த மாதிரி இருக்கும். நாளுக்கு நாள் அவர் கண் உள்ளே போனது, உதடு வெடித்தது. சாயங்காலம் போகும்போது உயிரோடு இருப்பாரா என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிரிலேயே புளியமரத்தடியில் எங்கள் ஆபீஸ் சார்பில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். பகல் முழுவதும் அங்கே வந்து உட்காருங்கள், மோர் குடியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அது வழிப்போக்கனுக்கு வச்சது வே. எனக்கு வீடு இருக்கு."

உப்புப் பார்க்கும் உத்தியோகம்

எனக்கு வாழ்க்கையில் வந்த நல்ல யோசனைகள் இரண்டு. ஒன்று மறந்துவிட்டது. மற்றது, பந்தலுக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டது. ஒவ்வொரு பானைக்கும் ஒரு தம்ளர் குடித்து உப்புப் பார்க்க வேண்டும், காலை ஒன்பது முதல் ஐந்து வரை பந்தலை விட்டு நகரக்கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி, ஆபீஸ் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். படித்துவிட்டு, பெட்டியிலிருந்த பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நடைபாதைக்குக் குறுக்கே மூங்கில் கழி. மலையிலிருந்து விறகு சுமந்து வருகிற பெண்களையெல்லாம் நிறுத்தி, சுமையை இறக்கவைத்து, மோர் கொடுத்து நிழலில் உட்காரவைத்திருந்தார். கழியைத் தூக்கச் சொல்லி ஒருத்தி சண்டை பிடித்தாள். எப்போதுதான் திறப்பீர்கள் என்று நானும் கேட்டேன்.

"வெயிலும் ஒரு வண்டிதான் வே. அது போனப்பறம் தெறப்பேன்."

பன்னிரண்டாவது ஆள்

ஊரைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் நான் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மேலகரத்திலிருந்து நடுப்பகலில் சைக்கிளில் வந்தேன். வியர்வை நின்றுபோனது, உடம்பு வெயிலுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்ட மேதை நான். பந்தலருகே அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்ததும் கழியை ரோட்டுக்கே நீட்டிவிட்டார். அவசர வேலை, விடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது புளியமரத்தின் அடிப்பக்கம்தான். தலையில் ஈரத்துணி, நெஞ்சில் ஈரத்துணி. என் தொப்பியால் எனக்கே விசிறிக்கொண்டிருந்தார். நாலு தம்ளர் உள்ளே போன பிறகுதான் பேச விட்டார். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"உப்புப் பாக்க வச்சது எதுக்குன்னு எனக்கு மொத நாளே தெரியும் வே. இப்ப நீரு உப்புப் பாரும்."

மேலிடத்துக்கு அறிக்கை

பத்து நாள் கழித்து ஒருவழியாகச் சாரல் விழுந்தது. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி முறையாகச் சுற்றினேன். பதினோரு பேரும் இருந்தார்கள். அண்ணாச்சி நனைந்த மூங்கில் கழியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் பிரமோஷன் வந்தபோதுகூட இருந்ததில்லை. 'உயிரிழப்பு இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடுத்த வருஷமும் பந்தலுக்கு அனுமதி கேட்டு, திருநெல்வேலிக்கு நானே கொண்டுபோனேன். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே. அப்ப இந்த வருஷம் அங்க வெயில் அவ்வளவா இல்ல போலிருக்கே?"

ஒருவர் செத்திருந்தால் என்னை விசாரித்திருப்பார்கள், ஒருவரும் சாகாததால் வெயிலையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.