ஹட் பேயில் இறங்க மாட்டேன் என்றவர்

எங்கள் கிளப்பில் சொந்தமாகப் பென்ஷன் வாங்கும் ஒரே பெண்பிள்ளை நான்தான். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். ரிட்டயர் ஆனதும் மெயின்லேண்ட் திரும்புவதற்கு எனக்கும் கப்பல் டிக்கெட் தந்தார்கள். மெட்ராஸில் இறங்கி, ரயிலேறித் தூத்துக்குடி போய், யார் வீட்டில் விருந்தாளியாக உட்காருவது என்று யோசித்துப் பார்த்தேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்ட் பிளேரிலேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

அதே தெருக் கோடியில் தகரக் கூரை போட்ட மர வீட்டில்தான் கிளப் நடந்தது. என்னைப் போலவே ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட பென்ஷன்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு கேரம் போர்டு, ஒரு ரேடியோ, சாயங்காலம் நாலு மணிக்கு டீ. நான் முதல்நாள் போனபோது ஆண்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "உங்கள்ல பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருக்கேன். யார் யார் எப்படி அலறினீங்கன்னு சபையில சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து கேரம் போர்டில் எனக்கு ஓர் இடம் நிரந்தரமானது.

முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். வங்காளிகளும் மலையாளிகளும் தெலுங்கர்களும் இருந்ததால் பொதுப்பேச்சு இந்தியில்தான். சண்டை வந்தால் மட்டும் அவரவர் மொழிக்குப் போய்விடுவோம். கப்பல் வரும் நாளில் கிளப்பைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஜெட்டிக்கு, அதாவது கப்பல்துறைக்குப் போவோம். யாரும் எங்களைத் தேடி வரப் போவதில்லை. ஆனாலும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, யார் இளைத்திருக்கிறார்கள், யார் புதுப் பெண்டாட்டியோடு வருகிறார்கள் என்று பேசிவிட்டு வருவதில் ஒரு தனி சுகம் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு பெரிய டூர் உண்டு. அதற்கு மனைவிமார்களும் வருவார்கள். ஒரு வருஷம் எங்கே போவது என்பதில் கைகலப்பு வராத குறையாகச் சண்டை நடந்து, இரண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள். அதனால் எங்கள் செக்ரட்ரி ஒரு ரூல் போட்டார். முறை வைத்து வருஷத்துக்கு ஒருவர் இடத்தைச் சொல்ல வேண்டியது. மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. மூச்சு விட்டால் அவர்களுடைய முறை போய்விடும். அந்த ரூலைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

செக்ரட்ரி பொதுப்பணித் துறையில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர், உதவி என்றால் ஓடி வருவார், ஆனால் பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய ஒரே மகள் டீச்சர் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அந்தப் பையன் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் மிட்டாய் டப்பாவுமாக வீட்டுக்கு வந்து கேட்டான். டப்பா வாசல் கேட்டைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. பிறகு அவர்கள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, ஹட் பேக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஹட் பே இருக்கிற லிட்டில் அந்தமான் தீவில் காட்டை வெட்டிப் புதிதாக ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த சமயம் அது. "அவ இருக்கிற தீவுல என் கால் படாது" என்று செக்ரட்ரி கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு குழந்தை பிறந்தது. அப்போதும் அவர் மனசு இளகவில்லை.

அவர் மனைவி பிரஷர் பார்க்கிற சாக்கில் என் வீட்டுக்கு வருவாள். பிரஷர் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் பல்லு முளைச்சிருக்கும்ல?" என்பாள்.

"உன் பேரனை நீ போய்ப் பார்த்துட்டு வாயேன். வாரக் கப்பல்தானே?"

"நான் மட்டும் போனா, அவளுக்கு அம்மா மட்டும்தான் இருக்கான்னு முடிவாயிரும்க்கா. அவரும் வரணும். நான் காத்திருந்துக்கிடுறேன்."

நான் கல்யாணமே செய்துகொள்ளாதவள். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்ட ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆள் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அடுத்த வருஷம் இடம் சொல்லும் முறை என்னுடையது. எல்லோரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். பக்கத்திலிருக்கும் கோர்பின்ஸ் கோவ் பீச் என்பேன், பூரி கிழங்கோடு ஒரு நாள் கழியும் என்று நினைத்திருப்பார்கள். "ஹட் பே" என்றேன்.

ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அதை ஒருவர் எழுந்துபோய் நிறுத்தினார். செக்ரட்ரி என்னை முறைத்த முறைப்பில் வேறு யாராவது என்றால் எரிந்து போயிருப்பார்கள். நான் டீயை ஆற்றிக் குடித்தேன்.

"ரூல் ரூல்தான்" என்றார் கடைசியில். "செக்ரட்ரி இல்லாம டூர் கிடையாது. கப்பல்ல வருவேன். ஆனா ஹட் பேயில இறங்க மாட்டேன். நீங்கள்லாம் சுத்திட்டு வர்ற வரைக்கும் கப்பல்லயே இருப்பேன். சிஸ்டருக்குத் திருப்திதானே?"

"பரம திருப்தி" என்றேன். அன்றைக்கே, ஹட் பே கப்பலில் வேலை செய்யும் கலாசி ஒருவரிடம், கிளப் ஆட்கள் வருகிறார்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிடும்படி சொல்லி அனுப்பினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதாவது நடக்கும் என்று உறுதியாக நம்பினேன்.

சாயங்காலம் கப்பல் ஏறினோம். எலுமிச்சை சாதமும் பூரியும் அடுக்கடுக்காக வந்திருந்தன. அதில் பாதி, கடல் ஆட ஆரம்பித்ததும் ஆளில்லாமல் கிடந்தது. செக்ரட்ரி மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் இஞ்சித் துண்டு கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் மேல் கோபமாகவே இருப்பதும் கஷ்டம்.

விடிந்தபோது ஹட் பே தெரிந்தது. கரையோரம் பத்துப் பதினைந்து குடிசைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரே காடு. அப்போது அங்கே ஜெட்டி கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். பக்கவாட்டில் கயிற்று ஏணியைத் தொங்கவிடுவார்கள். அதில் இறங்கி, கீழே ஏறி ஏறி இறங்கும் டிங்கிப் படகில் அலை தூக்கும் நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். நேரம் தப்பினால் முட்டி பெயரும்.

நான் முதலில் இறங்கிவிட்டேன். அடுத்து செக்ரட்ரியின் மனைவி. நாலு படி இறங்கினாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க! எனக்குக் காலு வரல!"

"மெதுவா வை. கீழ பாக்காதே!" என்று மேலேயிருந்து செக்ரட்ரி கத்தினார்.

"மேலயும் வர முடியல, கீழயும் போக முடியல. நீங்க வந்து பிடிங்க!"

பின்னால் ஏணிக்காகக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். செக்ரட்ரி வேறு வழியில்லாமல் ஏணியில் இறங்கி, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் அவள் கையையும் பிடித்துக்கொண்டு படிப்படியாக அவளை இறக்கினார். அவள் டிங்கிக்குள் கால் வைத்தாள். ஆனால் அவர் கையை அவள் விடவில்லை. படகை அலை தூக்கியது. ஒன்றும் தெரியாத படகுக்காரர், "ஆவோ பாபுஜி!" என்று அவர் இடுப்பைப் பிடித்து அலாக்காகத் தூக்கிப் படகுக்குள் உட்கார வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் மளமளவென்று இறங்கினார்கள். "நான் இறங்குற ஆளில்லப்பா" என்று செக்ரட்ரி தமிழில் கத்தி, பிறகு இந்தியில் கத்துவதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

பயந்து போயிருப்பாளே என்று செக்ரட்ரி மனைவியின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பயந்தவர்களின் கையை நான் ஆயிரம் பிடித்திருக்கிறேன். சில்லென்று வேர்த்திருக்கும். இவள் கை இளஞ்சூடாக இருந்தது. நாடி சீராக அடித்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே போட்டுல நான் திரும்பிடுவேன்" என்றார் செக்ரட்ரி படகுக்காரரிடம் இந்தியில்.

"டீக் ஹை, பாபுஜி" என்றார் அவர். அவருக்கென்ன வந்தது?

கரைவரை டிங்கி போகாது. அலை உடைகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். கரையிலிருந்து ஆட்கள் தண்ணீருக்குள் நடந்துவந்து, வயசானவர்களை முதுகில் சுமந்து கொண்டுபோய் விடுவார்கள். அவர்கள் வருவதற்குள் செக்ரட்ரியின் மனைவி எழுந்தாள். புடவையை வாரிச் செருகினாள். தொடையளவுத் தண்ணீரில் தொம்மென்று குதித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையை நோக்கி நடந்தாள். ஏணியில் கால் வராதவளுக்கு இப்போது அலைகூட ஒரு பொருட்டாக இல்லை. கரையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் அலை நடுவிலேயே கட்டிக்கொண்டார்கள். நடுவில் நசுங்கிய குழந்தை வீல் என்று கத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

மற்றவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் செக்ரட்ரியும்தான் மிச்சம். அப்போது மாப்பிள்ளை வந்தான். தொடையளவுத் தண்ணீரில் படகை ஒட்டி வந்து நின்றான். மாமனாரைப் பார்த்தான். திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினான். அலை வந்து அவன் முகத்தில் அடித்தது. மூச்சு வாங்கினான், துப்பினான், ஆனால் குனிந்தபடியே நின்றான். இன்னொரு அலை அடித்தது.

செக்ரட்ரி கப்பலைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி குழந்தையின் வாயைத் திறந்து பல்லை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு மனசில்லேன்னா சொல்லிடுங்க சார்" என்றேன். "அந்தப் பையன் தண்ணியில நிக்கிறான். நான் ஏறிக்கிடுறேன். என் வெயிட்டுக்கு அவன் முதுகு என்ன ஆகும்னு மட்டும் யோசிச்சுக்கோங்க."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். இரண்டின் லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பேன்ட்டை நிதானமாக முழங்கால்வரை சுருட்டினார். ஆபீஸில் ஒரு ஃபைலை முடித்துவைக்கும் நிதானம். பிறகு அந்த முதுகில் ஏறினார்.

தோளைத் தொடாமல் கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டுதான் போனார். பாதி வழியில் பெரிய அலை ஒன்று தள்ளியது. இரண்டு கைகளாலும் மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை.

இன்னொருவர் என்னைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்ததால் அடுத்து நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஈரமில்லாத மணல் வந்தும் மாப்பிள்ளை அவரை இறக்கிவிடவில்லை. சுமந்தபடியே நின்றான். கால் படாது என்று அவர் சொன்னது அவன் காதுக்கும் வந்திருக்க வேண்டும். மூச்சிரைக்க, "உதார் தூம், பாபுஜி?" என்று கேட்டான். இறக்கிவிடட்டுமா என்று.

மகள் பத்தடி தள்ளி நின்றாள். கிட்டே வரத் தைரியமில்லை.

"உதாரோ" என்றார் செக்ரட்ரி.

அன்று மத்தியானம் மகள் வீட்டில் எல்லோருக்கும் சோறும் மீனும். செக்ரட்ரி மகளிடம் "உப்பு" என்றும் "போதும்" என்றும் பேசினார். மாப்பிள்ளையிடம் அதுவும் இல்லை. குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. அவர் அதைத் திருப்பி வாங்காமலே சாப்பிட்டு முடித்தார். இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் மூக்கை உறிஞ்சினாள்.

கப்பல் சங்கு ஊதியதும் எல்லோரும் கடற்கரைக்கு வந்தோம். செக்ரட்ரி வழக்கம்போல ஆட்களைச் சரிபார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிஸ்டர், காலையில ஏணியில இவளுக்குக் காலே வரல. பாத்தீங்கல்ல? இப்ப எப்படி ஏறுவா? ஒருதடவை பாத்துச் சொல்லுங்க."

அவர் மனைவி ஒரு நொடி விழித்தாள். அடுத்த நொடி, பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த முழங்காலை அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்தேன். மலை ஏறக்கூடிய முழங்கால்.

"நல்ல வீக்கம் சார்" என்றேன். "அடுத்த கப்பல் வர்றவரைக்கும் இவளை அசைக்கக் கூடாது. நீங்களும் கூடவே இருந்து பாத்துக்கிடணும்."

"சிஸ்டரே சொல்லிட்டாங்க" என்றார் அவர் மகளைப் பார்த்து.